ஆமூர் மல்லனும் கிங்காங்கும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் மல்யுத்தத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காஞ்சியில் அப்படி நினைப்பது பொருந்தாது. 630 முதல் 668 வரை இந்நகரிலிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் சூடிக்கொண்ட பெயர் மாமல்லன். அடுத்த நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் நந்திவர்மன், பல்லவமல்லன். வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுமதிலில் பல்லவர் வரலாற்றைச் சிற்பமாக நிறுத்தியவன் அவனே. ஆக, மல்லன் என்ற சொல் இவ்வூரில் அரசருடைய விருதுப்பெயராகிவிட்டது. மற்போரையே பிழைப்பாகக் கொண்டவன் என்ன ஆனான் என்பதுதான் என் கேள்வி.

அவனைத் தேடிப் புறநானூற்றுக்குப் போகலாம். 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியைப் பற்றியவை. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை; பின் மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. கிள்ளி தந்தை தித்தனோடு பகைத்து, ஊரைவிட்டு வந்து, வெறுங்கூழ் குடித்துக் கிடந்த காலம் அது. முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது அவனைக் கொன்றான். ஒரு காலை மார்பில் ஊன்றி, மறுகாலால் முதுகை வளைத்து அவன் வென்ற காட்சியைத் தித்தன் வந்து காணவேண்டும் என்கிறார் சாத்தந்தையார். அடுத்து அந்தப் போரின் விரைவுக்கு அவர் கண்ட உவமையை நெசவூர்க்காரர்கள் நாம் மறக்கக்கூடாது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிற தொழிலாளியின் கை ஊசி எத்தனை வேகமாக ஓடும்? அந்த வேகம் என்கிறார். அரசகுமாரனின் வீரத்தைச் சொல்ல ஒரு கூலித் தொழிலாளியின் ஊசி தேவைப்பட்டிருக்கிறது.

ஆறு பாட்டிருந்தும் செத்தவனுக்குப் பெயரில்லை. ஊர் தெரிகிறது, நாடு தெரிகிறது, தொழில் தெரிகிறது. கிள்ளியின் கையில் அகப்பட்டவர் இரங்கத்தக்கவர் என்று சாத்தந்தையார் பரிவு காட்டுகிறார். அதுவும் பெயரில்லாத பரிவுதான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். சட்டை மடித்துக்கொண்டு முறைப்பவனைப் பார்த்து "பெரிய தாராசிங்னு நெனப்பு" என்று சொல்லாத தமிழூர் உண்டா? பஞ்சாபில் தர்மூசக் என்னும் சிற்றூரில் 1928இல் பிறந்த ஒருவர் நம் பேச்சுவழக்கில் குடியேறிவிட்டார். இளமையில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போனார். தொழில்முறை மல்யுத்தத்தை அங்கே கற்றார். 1959இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம், 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம், பின்னர் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமன், 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினர். 2012இல் மறைந்தபோது நாடே அறிந்தது. இவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியது அதிகமில்லை.

தாராசிங் என்றதும் நம்மவர் வாயில் அடுத்து வரும் பெயர் கிங்காங். 180 கிலோவுக்கு மேற்பட்ட உடல் என்பார்கள். 1909இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்து, ஆசியாவெங்கும் மோதிச் சிங்கப்பூரைத் தம் ஊராக்கிக்கொண்டவர். கிங்காங் என்பது 1933இல் வந்த ஹாலிவுட் படத்துக் குரங்கின் பெயர். அவருடைய சொந்தப் பெயர் எமில் சாயா. தமிழில் அந்தச் சொல்லுக்குச் 'சாயாத' என்று பொருள் வருவதைக் கவிஞர்கள் கவனிக்கவேண்டும். அவர் வென்ற போட்டிகள் பல உண்டு. ஆனால் நம் நினைவில் அவர் ஒரே ஒரு வேலைக்காக வைக்கப்பட்டிருக்கிறார்: தாராசிங் தூக்கி எறிய விழவேண்டும்.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, "அதெல்லாம் பேசி வைத்துக்கொண்ட சண்டைதானே?" என்பார்கள். முடிவை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது தொழில்முறை மல்யுத்தத்தில் உலகெங்கும் உள்ள வழக்கம்தான். பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதல் கட்டுரையே மல்யுத்தம் பற்றியது. அதை விளையாட்டாக அன்று, கிரேக்க நாடகத்தைப் போன்ற ஒரு காட்சியாகக் காணவேண்டும் என்பது அவர் கருத்து. பாரிசுக்குப் போக நேரமில்லாதவர்கள் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போகலாம். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். தொடை பிளக்கப்போவது முதல் நாளிலிருந்தே ஊருக்குத் தெரியும். தெரிந்துதான் விடியற்காலையில் கூட்டம் கூடுகிறது. வென்ற வீமனை யாரும் அங்கே அதிகம் பொருட்படுத்துவதில்லை, ஒப்பாரி துரியோதனனுக்குத்தான். புறப்பாட்டு செய்யாத ஒன்றைக் கூத்து செய்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். தோற்றவனுக்குப் பெயரும் வைத்தது, அழவும் அழுதது.

விழுவதும் ஒரு தொழில், அதிலும் கடினமான தொழில். முடிவு பேசி வைத்ததானாலும் பலகை மெத்தையாகிவிடாது. 180 கிலோ உடம்பு முதுகில் வந்து இறங்கும்போது எலும்பு முறியாதிருக்க, தோளைப் பரப்பிக் கையை அறைந்து விழப் பழகியிருக்கவேண்டும். அவனே ஒத்துக்கொண்டு எழும்பாவிட்டால் எறிபவனால் தூக்கவும் முடியாது. மரபான கோர்வைத் தறி உங்களில் பலருக்குத் தெரியும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாகப் பிடிக்கவேண்டுமானால், தறியில் இருப்பவர் ஒருவர் போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை எறிந்து தரவேண்டும். அன்றெல்லாம் பெரும்பாலும் சிறுபிள்ளை. சேலையை மெச்சுகிறவர் நெய்தவரையே கேட்பதில்லை. நாடா எறிந்த பிள்ளையை யார் கேட்கப்போகிறார்? தாராசிங்கின் புகழில் கரை பிடித்தவர் எமில் சாயா. 1970இல் கார் விபத்தில் காயமுற்றுச் சிங்கப்பூரில் இறந்தார். மோதிக்கொண்ட இருவரில் ஒருவர் நம் மொழியில் வீரத்துக்குப் பெயரானார். மற்றவர் பருமனுக்குக் கேலிப்பெயரானார்.

கடைசியாக நக்கண்ணையாரிடம் திரும்புகிறேன். 85ஆம் பாட்டில் அவர் பனைமரத்தடியில் நின்று அந்தப் போரைப் பார்க்கிறார். கிள்ளி மேல் காதல் கொண்டவர். அவன் வென்றதைத் தம் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். அப்படியிருந்தும் கூட்டத்தில் ஒருசாரார் வெற்றி அவனுடையதென்றும், ஒருசாரார் அன்று என்றும் பேசிக்கொண்டதைப் பாட்டிலிருந்து நீக்காமல் வைத்தார். அன்று என்றவர்கள் யார்? ஆமூர்க்காரர்களாக இருக்கலாம். அவனைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்கள். மாலையில் அவன் உடலைச் சுமந்துகொண்டு போன வழியில் அவர்கள் பேசியதை ஒருவரும் பாடவில்லை. இந்த மேடையில் அடுத்து வாசிக்க இருப்பவர்கள் கவிஞர்கள். நான் இடம் விடுகிறேன்.