முதுகுச் சுமை



நாம் செய்த பிழை ஒன்று. அதை அறிந்தவர் வேறு எவருமில்லை. ஆயினும், இரவில் விளக்கை அணைத்ததும் அது வந்து நம் அருகே அமர்ந்துகொள்கிறது. யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ, அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருக்கவும் கூடும். இந்த வேதனையை ஒரு முதுகுச் சுமையாக உருவகித்துக் காட்டிய எழுத்தாளர் ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

அவர் யோன் பனியன். 1628இல் இங்கிலாந்தின் பெட்போர்ட் நகருக்கு அண்மையில் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களைத் திருத்திக் கொடுப்பது அவர் தொழில். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தமைக்காக 1660இல் சிறையிடப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கழித்தார். சிறையிலிருந்த காலத்தில், 1666இல் வெளிவந்த சுயசரிதையில் தம் மனச்சாட்சி தம்மை வதைத்த கதையைச் சொல்கிறார்.

கோவில் மணி அடிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். அது வீண் பொழுதுபோக்கு என்று மனம் உறுத்தவே அதை விட்டுவிட்டார். ஆனாலும் மற்றவர்கள் அடிப்பதைப் பார்க்கப் போவார். மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன செய்வது? உத்தரத்தின் கீழே ஒதுங்கினார். அங்கும் அச்சம், வாசலுக்கு வந்தார். கோபுரமே சரிந்துவிட்டால்? ஈற்றில் ஓடியே போனார். குற்ற உணர்வுக்கு ஒதுங்க இடமில்லை என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

இந்த அனுபவமே 1678இல் வெளிவந்த அவரது உருவகக் கதைக்கு உயிர் கொடுத்தது. தமிழில் இது ‘மோட்சப் பிரயாணம்’ என வழங்குகிறது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதைத் தழுவியே 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தைத் தந்தார்.

கதையில் பிரயாணியின் முதுகில் ஒரு சுமை. நல்லொழுக்கத்தால் அதை இறக்கிவிடலாம் என்று உலக ஞானி ஒருவன் வழிகாட்டுகிறான். அவ்வழியே போகப் போகச் சுமை முன்னிலும் கனக்கிறது. பின்னர் இடுக்கமான வாசலை அடைந்து, ‘இதை இறக்க உதவமாட்டீர்களா?’ என்று மன்றாடுகிறான். உரிய இடம் வரும்வரை சுமக்கும்படியும், அங்கே அது தானாகவே விழும் என்றும் அவனுக்குச் சொல்லப்படுகிறது. சிலுவை நிற்கும் மேட்டை அடைந்தபோது அவ்வாறே நடக்கிறது. சுமை கழன்று உருண்டு, கீழேயுள்ள கல்லறைக்குள் மறைகிறது. அவன் வியந்து நின்று அழுகிறான்.

அவன் அதை அவிழ்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தன்னைத் தானே தண்டித்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். தீர்வதில்லை. கிறிஸ்தவம் பேசும் மன்னிப்பு உழைத்துப் பெறும் கூலியன்று, அது கொடை.

அப்படியாயின், பிழை செய்தவனுக்கு இது சுலபமான தப்பும் வழியல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பனியனின் கதையில் சுமை விழுவது பயணத்தின் தொடக்கப் பகுதியில். அதன் பின்னரே செங்குத்தான மலையும் இருண்ட பள்ளத்தாக்கும் வருகின்றன. சுமை இறங்கியது ஓய்வெடுக்க அன்று, நடப்பதற்கு.

லூக்காவின் சுவிசேஷத்தில் வரும் சகேயுவை நினைத்துப் பாருங்கள். வரி அறவிட்டுச் செல்வம் சேர்த்தவன். அவன் வீட்டுக்கு வரப்போவதாக இயேசு சொன்னபோது, முதலில் கணக்கைத் தீர்த்துவிட்டு வா என்று கேட்கவில்லை. அந்த அன்பைப் பெற்ற பின்னரே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவன் எழுந்து நின்று சொல்கிறான். அச்சத்தால் திறவாத பணப்பையை மன்னிப்புத் திறந்தது.

நாம் தவறிழைத்தவர் உயிரோடிருந்தால் அவர் வாசலுக்குப் போகும் துணிவை மன்னிப்புத் தரும். அவர் மறைந்துவிட்டாரெனில், அவருக்குச் செய்யத் தவறியதை இன்று நம் முன் நிற்கும் ஒருவருக்குச் செய்யக் கைகள் ஓய்வாயிருக்கும். சுமையைப் பற்றிக்கொண்டிருக்கும் கைகளால் எவரையும் தாங்க முடியாதல்லவா?