ஏழு ஆண்டுகளும் ஆயிரம் இசைத்தட்டுகளும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

"பத்து நிமிஷம் எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, உன் கம்பெனியைப் பத்தி மட்டும் பேசாதே" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து இசைக்குழு ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். பின் வரிசையில் சிரிப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள், இது ஒரு கல்லூரியின் கதையும்கூட.

குழுவின் பெயர் பெல் அண்ட் செபாஸ்டியன். ஒரு பிரெஞ்சுக் கதையில் வரும் நாயும் சிறுவனும்தான் அந்த இருவர். குழுவின் முதன்மைப் பாடகர் ஸ்டூவர்ட் மர்டாக். 1980களின் இறுதியில், இளம் வயதிலேயே, அவரைத் தீராக் களைப்பு நோய் பிடித்துக்கொண்டது. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது. ஏழு ஆண்டுகள் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அவர் வயதுக்காரர்கள் வேலை, குடும்பம் என்று முன்னே போய்விட்டார்கள். இவர் வீட்டோடு கிடந்தார். அந்த நாட்களில்தான் பாட்டு எழுதத் தொடங்கினார்.

1995 வாக்கில் கொஞ்சம் தேறினார். அப்போது கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரியில், வேலையில்லாத இசைக்காரர்களுக்காக 'பீட்பாக்ஸ்' என்ற அரசுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தார். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டூவர்ட் டேவிட் அங்கேதான் கிடைத்தார். அங்கே ஆசிரியராக இருந்தவர் ஆலன் ரேன்கின். 'தி அசோசியேட்ஸ்' குழுவில் பேர் வாங்கிய அந்த இசைக்கலைஞரின் துணையோடு சில பாடல்களைப் பதிவு செய்தார்கள்.

இனிமேல்தான் நம்ம விஷயம் வருகிறது. அதே கல்லூரியில் இசை வணிகம் படிக்கும் மாணவர்கள் 'எலெக்ட்ரிக் ஹனி' என்று சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனம் நடத்தி வந்தார்கள். அதுதான் அவர்களுக்குப் பாடம். ஆண்டுக்கு ஒரு சிறிய தட்டு போடுவது வழக்கம். இவரிடமோ ஏழு ஆண்டுப் பாட்டு குவிந்து கிடந்தது. "சின்னத் தட்டு எதுக்கு, முழுசாவே போட்டுடலாம்" என்று முடிவானது. 1996 ஜனவரியில் குழு உருவானது. ஜூனில் 'டைகர்மில்க்' ஆல்பம் வந்துவிட்டது. அச்சிட்டது ஆயிரமே ஆயிரம் தட்டுகள். பின்னாளில் அதில் ஒரு தட்டு கிடைக்க ரசிகர்கள் பல நூறு பவுண்டு கொடுத்தார்கள். நாமும் ப்ராஜெக்ட் செய்தோம், பைண்டிங் போட்டு லேப் பீரோவில் வைத்துப் பூட்டினோம்!

அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது ஆல்பம். மர்டாக் அப்போது ஒரு தேவாலயத்தின் கூடத்தில் காவலாளியாக இருந்து, அதன் மாடியிலேயே குடியிருந்தார். ராக் என்றதும் தலைமுடியை ஆட்டிக் கத்துவார்கள் என்று நினைக்காதீர்கள். பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல மெல்லப் பாடுவார். கூடவே வயலின், செல்லோ, டிரம்பெட். பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பையன், எதிலும் ஒட்டாத பெண், இப்படிப்பட்டவர்கள்தான் அந்தப் பாடல்களில் வருவார்கள். 1999இல் பிரிட் விருதில் சிறந்த புதுமுகம் பரிசு கிடைத்தது. அந்த வருஷமே 'டைகர்மில்க்' மறுபடி வெளியாகி எல்லோர் கைக்கும் வந்தது.

நடுவில் சிலர் விலகினார்கள். 2000இல் டேவிட், 2002இல் பாடகி இசபெல் கேம்பல். குழு நிற்கவில்லை. 2015 ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே மர்டாக் தன் நோய்க்காலத்தைச் சொன்னார். 2024இல் அதே தலைப்பில் நாவலும் எழுதினார். போன ஏழு ஆண்டு வீணாகவில்லை, ஐயா. முதலீடே அதுதான்.

இந்தப் பாட்டெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் ஆண்டில் எனக்குக் காசநோய் வந்து ஒரு வருஷம் வீட்டில் கிடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். என் அறைத் தோழன் பஸ் பிடித்து ஊருக்கு வந்து ஒரு பென் டிரைவைக் கொடுத்தான். "இதைக் கேளுடா, இவனும் உன்னை மாதிரி படுத்துக் கிடந்தவன்தான்" என்றான். அந்த வருஷத்தை நான் தாண்டியது அந்தக் குரலோடுதான். திரும்பி வந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து படித்து முடித்தேன்.

அவன் முடிக்கவில்லை. கடைசி வருஷம் அப்பா தவறிவிட்டார். கடையைப் பார்க்கப் போனவன் திரும்பி வரவேயில்லை. இந்த விழாவுக்காகப் போன மாதம் போன் செய்தேன். "நான் வரலாமாடா? லிஸ்ட்ல என் பேரே இல்லையே" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நம் முகவரிப் புத்தகத்தில் பட்டம் வாங்கியவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

ஸ்டோ கல்லூரி 2013இல் வேறு இரு கல்லூரிகளோடு இணைந்து கிளாஸ்கோ கெல்வின் கல்லூரி ஆகிவிட்டது. ரேன்கினும் 2023இல் காலமானார். ஆனால் வேலையில்லாமல் வந்தவனுக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்ததே, அந்தக் காரியம் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது.

எனவே சங்கத்துக்கு என் ஒரே வேண்டுகோள் இதுதான். அடுத்த முகவரிப் புத்தகத்தை முடித்த ஆண்டின்படி போடாமல், சேர்ந்த ஆண்டின்படி போடுங்கள். பட்டம் வாங்கினவனும் வரட்டும், பாதியில் போனவனும் வரட்டும். பெயர்களைத் தேடித் திரட்டுகிற வேலையை நானே செய்து தருகிறேன். முதல் பெயரை இன்றே எழுதித் தந்துவிடுகிறேன்.