அட்டை கேட்காத கேள்வி



எந்தத் தோழரின் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் திண்டுக்கல்லின் தோல் ஷாப் குடும்பத்துப் பிள்ளை. இந்த அரங்கில் நம்மில் பலரும் அப்படித்தான். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வெந்துபோன கால்களையும், விரல் வெடித்துச் சோறு பிசைய முடியாமல் கரண்டி கேட்ட அப்பாக்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அரசு மருத்துவம் பற்றிய விவாதத்தை அந்தக் கைகளிலிருந்து தொடங்குவோம்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறியதும், 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறியது. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் அதனுடன் இணைந்தது. அரசு பிரீமியம் கட்டுகிறது. பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இது யாருடைய திட்டம், அட்டையில் யார் படம் என்பதில்தான் மேடைகளில் சண்டை.

அந்த அட்டையை நாம் இளக்காரமாகப் பேச மாட்டோம். நெஞ்சு அறுவைக்கு நிலத்தையோ தாலியையோ விற்காமல் பிழைத்து வந்தவர்கள் நம் தெருவிலும் உண்டு. விற்க எதுவும் இல்லாதவர்களுக்கு அது உயிர்.

ஆனால் அட்டை பெரும்பாலும் கட்டிலில் படுத்த பிறகே பேசும். ஆறாத தோல் புண்ணுக்கும், விடாத இருமலுக்கும், மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் அது உதவாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். போனால் அன்றைய கூலி போச்சு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. நல்ல வேலை. ஆனால் அந்த மாத்திரையைச் சுமந்து வரும் பெண்கள் நிரந்தர ஊழியர்கள் இல்லை, ஊக்கத்தொகைக்கு உழைக்கிறார்கள்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. என்ன நோய் என்று அட்டை கேட்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு மரபு நமக்கு உண்டு. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், அந்தச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1944இல், அதார்கர் அறிக்கை வந்தது. அதன் வழியில் பிறந்தது 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், நாம் இ.எஸ்.ஐ. என்கிறோம்.

இ.எஸ்.ஐ. மருந்தோடு நிற்பதில்லை. நோயில் கிடக்கும் நாட்களுக்கும் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை தருகிறது. அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, குரோமியத்தால் வரும் நோயைத் தொழில்நோய் என்றே எழுதி வைத்தது. குரோம் பதனிடும் தோல் ஷாப்பில் வந்த புண்ணுக்குத் தலைவிதி காரணமில்லை, வேலைதான் காரணம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

அப்படியானால் நம் அப்பாக்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? பதிவேட்டில் பெயர் இல்லை. பீஸ் ரேட், மேஸ்திரி, காண்ட்ராக்ட். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதலாளியே சந்தா கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. பெயர் எழுதாத ஆளுக்கு யார் கட்டுவார்கள்? பதிவேட்டில் விடுபட்டவன்தான் கடைசியில் காப்பீட்டு அட்டையோடு வரிசையில் நிற்கிறான். முதலாளி கொடுக்க வேண்டியதை மக்களின் வரிப்பணம் கொடுக்கிறது. கருணையின் பெயரில் கணக்கு முடிந்துவிடுகிறது.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. ஒன்று, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் பெயர், வயதோடு என்ன தொழில், எத்தனை வருஷம் என்பதையும் எழுத வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்தே இதைத் தொடங்கலாம். இரண்டு, தோல் ஷாப்பிலும் நூல் மில்லிலும் ஆஸ்பத்திரித் துப்புரவிலும் காண்ட்ராக்டில் உழைக்கும் ஒவ்வொருவர் பெயரும் இ.எஸ்.ஐ. பதிவேட்டில் ஏற வேண்டும்.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு நோட்டு எடுங்கள். நம் தெருக்களில் வீடு வீடாக உட்கார்ந்து, யார், எந்த வேலை, எத்தனை வருஷம், என்ன நோவு, இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று அவர்கள் சம்மதத்தோடு எழுதி வாருங்கள். முதலாளி எழுதாமல் விட்ட பெயர்களை நாம் எழுதுவோம். நம் தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.

ஜெய் பீம்.