விற்காத நூலை யார் பதிப்பிப்பது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "ஐந்நூறு பேர்கூட வாங்காத ஆய்வு நூலுக்கு எதற்குச் செலவு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு பதிப்பகத்தைக் காட்டிப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி நம்மில் பலர் வீட்டில் உண்டு. அதை வெளியிடும் பதிப்பகம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு துறை. அதற்குப் பங்குதாரர்கள் கிடையாது. பாட நூலும் அகராதியும் ஈட்டித் தரும் பணம், குறைவாக விற்கும் ஆய்வு நூல்களைத் தாங்குகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்கே போகிறது.

அங்கே நூல் எப்படி வெளிவருகிறது? முதலில் ஆசிரியர் தம் திட்டத்தை அனுப்புகிறார். பதிப்பாசிரியருக்குப் பிடித்தால் மட்டும் போதாது. அத்துறையை அறிந்த வெளி அறிஞர்கள் படித்துக் குறைகளை எழுதுவார்கள். ஆசிரியர் அதற்குப் பதில் தரவேண்டும். பிறகு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அடங்கிய குழு ஒப்புதல் தரவேண்டும். அதன் பிறகே ஒப்பந்தம்.

பொறுமைக்கும் ஓர் எடுத்துக்காட்டு. பெரிய ஆங்கில அகராதிக்கு 1879இல் ஒப்பந்தம் போட்டபோது, பத்தாண்டில் முடியும் என்று எண்ணினார்கள். கடைசிப் பகுதி வந்தது 1928இல்! தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே அதற்குள், 1915இல், காலமாகிவிட்டார். லாபம் மட்டுமே பார்ப்பவர் இத்தனை காலம் காத்திருப்பாரா?

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஜி.யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900இல் அங்கேதான் அச்சேறியது. பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியும் 1961இல் அங்கிருந்தே வந்தது. மலாயா இந்தியர்களைப் பற்றிய கெர்னியல் சிங் சந்துவின் நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1969இல் வெளியிட்டது. நம் குடியேற்றத்தைப் பற்றி எழுத வருபவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். 1971இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகப் பதிப்பகம், 2006 முதல் என்யுஎஸ் பிரெஸ் என்ற பெயரில் இவ்வட்டார ஆய்வுகளைப் பதிப்பித்து வருகிறது.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆய்வு நூலின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. காத்திருப்பும் நீளம்.

அந்தக் காத்திருப்புக்கு அஞ்சித்தான் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் ஏமாந்தார். தம் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தைப் பற்றி நான்காண்டு ஆராய்ந்து எழுதியவர். இணையத்தில் கண்ட ஒரு நிறுவனம் மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு பணமும் கேட்டது. கட்டினார். நூல் வந்தது, ஒருவரும் படித்துத் திருத்தவில்லை. தாத்தாவின் ஊர்ப் பெயரே பிழையாக அச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனவே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "எப்போது வரும்?" என்று கேட்பதற்கு முன், "யார் படித்துப் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை அதிகம் என்றால், வாங்கி வைக்கும்படி உங்கள் நூலகத்தைக் கேளுங்கள். ஐந்நூறு பேர் வாங்காத நூல்தான், ஐம்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைக்கு நாம் யார் என்று சொல்லப்போகிறது.