கடைமடையைக் கேளாமல் காப்புத் திட்டமா?

(தஞ்சை உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



காவிரிப் படுகையில் வானம் ஒழுங்கு மாறிவிட்டதை உங்களுக்கு எடுத்துரைக்கப் புலவன் ஒருவன் வேண்டியதில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பா கருகிற்று. 2018 நவம்பர் 16ஆம் நாள் திருமறைக்காட்டருகே (வேதாரணியம் என மாற்றி வழங்குகின்றோமே, அதுதான்) கரையேறிய கசாப் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளை வேரொடு சாய்த்தது.

திட்டங்கள் இல்லாமலில்லை. காலநிலை மாற்றத்திற்கென நடுவணரசு 2008இலேயே நாடு தழுவிய செயல்திட்டம் வகுத்தது. 2016இல் வெண்ணாற்றுப் பிரிவிற்கென ஆசிய வளர்ச்சி வைப்பகம் 10 கோடி அமெரிக்கத் தாலர் கடன் தர இசைந்தது. அரிச்சந்திரா, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு முதலியவற்றின் கரைகளை வலுப்படுத்தி மதகுகளைப் புதுக்கும் பணி அது. நல்ல பணியே, மறுப்பாரில்லை. ஆயின், எந்த வளைவில் நீர் தேங்கும், எந்த வடிகால் வழியே உப்புநீர் ஏறும், எந்த மதகைத் திறந்தால் எவர் நாற்று மூழ்கும் என்பனவற்றை வரைபடமா சொல்லும்? கடைமடை உழவன் சொல்வான். நடவு நடும் பெண் சொல்வாள். அவர்களைத் திட்டம் முடிந்தபின் கையொப்பத்திற்கு மட்டும் அழைப்பது கலந்தாய்வு ஆகாது.

நம் முன்னோர் ஏரியும் வாய்க்காலும் தூர்வாரத் தாமே கூடினர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மராமத்து அயற்சொல், செயலோ நம்முடையது. 1858இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டத்தாற் கட்டாய உழைப்பாக்கினர். முடிவு செய்யும் உரிமை ஊரைவிட்டு அகன்றது. மண்வெட்டி மட்டும் ஊரிடம் எஞ்சியது.

2018இல் மறைந்த நெல் செயராமன் செய்ததை எண்ணிப் பாருங்கள். திருத்துறைப்பூண்டியருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக் கூட்டினார். இரண்டு கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும் என்பதே ஏற்பாடு. அவ்வாறே 150க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகள் மீண்டன. வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானமும், உவர்நிலத்தில் விளையும் களர்ப்பாலையும் அவற்றுள் அடங்கும். காலநிலைக்கேற்பத் தகவமைதல் என்பது இதுவன்றி வேறென்ன?

2022இல் தமிழக அரசு தொடங்கிய காலநிலை மாற்ற இயக்கத்தில் மாவட்டந்தோறும் ஆட்சியரே பொறுப்பாளர். அங்கு நமக்கு இடம் வேண்டும். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பாசன உழவர் அமைப்புகளும், மீனவர் ஊரவைகளும், மகளிர் குழுக்களும் திட்டம் எழுதப்படும்போதே உடனமர்தல் வேண்டும். வரைவு தமிழில் வருதல் வேண்டும். ஆங்கிலத்தில் 100 பக்கத்தை நீட்டி 15 நாளிற் கருத்துக் கூறுக என்பது கேட்பதாகுமா, கேளாதிருக்கும் சூழ்ச்சியாகுமா?

வரும் ஊரவைக் கூட்டத்திலேயே தொடங்குங்கள். நீர் தேங்கும் இடங்களையும் உப்பேறிய வயல்களையும் வாய்க்காற் பெயரோடு குறித்து, முடிவாக நிறைவேற்றி, ஆட்சியரிடம் கொடுங்கள். எழுதித்தர ஆளில்லாத ஊர்களுக்கு விடுமுறை நாள்களில் நானும் என் மாணவரும் வருகின்றோம்.