பௌதிகமா, கம்ப்யூட்டரா?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குழந்தைகளில் யாராவது பௌதிகத்தில் பி.எச்டி. செய்யப் போகிறேன் என்றால், "இத்தனை வருஷம் படித்து என்ன வேலை கிடைக்கும்? பேசாமல் கம்ப்யூட்டர் பக்கம் போயேன்" என்கிறோம். துகள் பௌதிகத்தில் இந்தக் கேள்வியே இன்று பொருந்தாது. அங்கே இரண்டும் ஒரே படிப்புதான்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில், 27 கி.மீ. சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை எதிரெதிராக ஓட்டி மோத விடுகிறார்கள். இயந்திரம் ஓடும்போது விநாடிக்குச் சுமார் 4 கோடி தடவை புரோட்டான் கொத்துகள் ஒன்றையொன்று கடக்கின்றன. அத்தனையையும் பதிவு செய்ய இயலாது. முழுமையாகச் சேமிக்கப்படுபவை சில ஆயிரங்களே. மற்றவை அந்தக் கணமே கழிக்கப்படும், திரும்ப வராது. எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் புரோகிராமில் ஆராய்ச்சி மாணவர்களின் கையும் உண்டு. அதில் பிழை இருந்தால், புதிய துகள் ஒன்று கண்ணெதிரே வந்தும் கைநழுவிப் போகலாம். பௌதிகம் புரியாமல் அதை எழுத முடியுமா?

சேமித்ததும் ஓரிடத்தில் அடங்காது. பரீட்சை விடைத்தாள்களைப் பல ஊர்களுக்குப் பிரித்தனுப்பித் திருத்துகிறோம் அல்லவா? ஒரு தாளுக்கும் மறு தாளுக்கும் சம்பந்தமில்லாததால் அது சாத்தியமாகிறது. மோதல்களும் அப்படியே. 40க்கும் மேற்பட்ட தேசங்களில் சுமார் 170 மையங்கள் 'கிரிட்' என்ற அமைப்பில் இந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையமும், நம் கொல்கத்தா சால்ட் லேக்கிலுள்ள சைக்ளோட்ரான் மையமும் அவற்றில் அடக்கம். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போஸான் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதில் கிரிட்டின் பங்கு பெரிது. 'போஸான்' என்ற பெயரே இந்நகரில் பிறந்த சத்யேந்திரநாத் போஸை ஒட்டி வந்ததுதான்.

பி.எச்டி. முடித்த எல்லோருக்கும் ஆராய்ச்சிப் பதவி கிடைப்பதில்லை, அது உண்மை. ஆனால் பல தேசத்துக் கணினிகளைச் சேர்த்து இயக்கவும், மலையளவு தகவலில் கடுகளவு உண்மையைத் தேடவும் கற்றவருக்கு வேறு கதவுகளும் திறக்கும். நாம் தினமும் பார்க்கும் இணையதளங்களுக்கு வித்தானதே, 1989-ல் செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய ஒரு திட்டம்தான்.

இளைஞர்களே, பி.எஸ்ஸி. படிக்கும்போதே புள்ளியியலையும் புரோகிராமிங்கையும் விடாமல் பயிலுங்கள். எம்.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் 'ஜெஸ்ட்' தேர்வு எழுதலாம். தேர்வானால் உதவித்தொகை உண்டு. பெற்றோர் கையை எதிர்பார்க்க வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரே வேண்டுகோள். குழந்தை விரும்பிக் கேட்டால், சம்பளக் கணக்கை மட்டும் வைத்துத் தடுக்காதீர்கள்.