வீடு வாங்குமுன் கேட்க வேண்டிய பத்திரங்கள்



லயத்தில் பிறந்து, வெட்டுக்காட்டிலேயே தலை நரைத்த ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது அந்த லயத்து வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியவராகிறார். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்படும்போதும் நிலைமை இதுவே. எனவே, சேமநிதிப் பணத்தைக் கொண்டு சொந்த வீடு ஒன்று வாங்கிவிட வேண்டும் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அவ்வாறு வாங்கும் வீட்டின் அனுமதிகளைக் குறித்தே இன்று பேச விழைகிறோம். நாம் கூறுபவை தீபகற்ப மலேசியாவின் சட்டங்களைச் சார்ந்தவை. சபா, சரவாக் மாநிலங்களுக்கு வேறு சட்டங்கள் உண்டு.

வீடு பார்க்கச் செல்பவர்கள் சமையலறை அகலமாக உள்ளதா, சாமி மேடைக்கு இடமுண்டா, பேருந்து அருகில் வருமா என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவைதாம். ஆனால், அகலமான அந்தச் சமையலறை அனுமதி பெற்றுக் கட்டப்பட்டதா என்று கேட்போர் மிகச் சிலரே.

தாமான்களிலுள்ள பழைய வரிசை வீடுகளில் இது அடிக்கடி காணப்படும் குறை. முதலில் குடியிருந்தவர் பின்புறத்தில் சுவர் எழுப்பி, தகரம் வேய்ந்து, சமையலறையை எல்லை வரை நீட்டியிருப்பார். சிலர் எல்லையையும் கடந்து, கால்வாயின் மீது சிமெண்டுப் பலகை போட்டுப் பின்சந்தையே வளைத்திருப்பர். தீ பிடித்தால் தீயணைப்புப் படையினர் நுழைய வேண்டிய வழி அது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான முன் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவதும், இருப்பதை விரிவுபடுத்துவதும் குற்றமாகும். அனுமதியற்ற பகுதியை இடிக்கவும் உத்தரவு பிறக்கலாம்.

கட்டியவர் விற்றுவிட்டுச் சென்றிருப்பார். அறிவிப்புக் கடிதம் வரும்போது அந்த வீட்டில் இருப்பவர் வாங்கியவரே. “நான் கட்டவில்லை ஐயா” என்று அவர் கூறுவது உண்மையாயினும், சுவர் இப்போது அவருடையது. இடிப்புச் செலவும் அவர் தலையில்தான் விழும்.

ஆகவே, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை விற்பவரிடம் கேளுங்கள். அவரிடம் இல்லையெனில், அவரது ஒப்புதல் கடிதத்துடன் ஊராட்சி மன்றத்தின் கட்டடப் பிரிவை அணுகுங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். படத்தில் இரண்டு அறைகளும் வீட்டில் மூன்று அறைகளும் இருந்தால், மூன்றாவது அறைக்கு அனுமதி எங்கே என்று கேட்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வதில் வெட்கம் ஏதுமில்லை. பால் நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் கிராணியைக் கேள்வி கேட்டவர்களல்லவா நாம்!

குடிபுகுவதற்குரிய சான்றிதழும் கட்டாயம் தேவை. முன்பு ஊராட்சி மன்றமே வழங்கிய அதனைச் சி.எஃப். என்று அழைத்தோம். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 12 முதல் அதற்குப் பதிலாகச் சி.சி.சி. என்னும் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. இதனைக் கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் போன்ற தகுதி பெற்ற நிபுணர் வழங்குகிறார். “விரைவில் வந்துவிடும், நீங்கள் குடியேறுங்கள்” என்னும் வாக்கை நம்பிச் சாமான்களை லாரியில் ஏற்றாதீர்கள்.

காலாவதியான அனுமதிகளைப் பற்றியும் கூற வேண்டும். காலி மனையுடன், “அனுமதி கிடைத்த வரைபடமும் உண்டு” என்று சேர்த்து விற்பவர்கள் உள்ளனர். வரைபடத்திலுள்ள முத்திரையின் தேதியைப் பாருங்கள். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி வழங்கப்படும் திட்ட அனுமதி, 12 மாதங்களுக்குள் வேலை தொடங்கப்படாமலும் நீட்டிப்புப் பெறப்படாமலும் இருந்தால் செல்லாமற்போகும்.

இவை யாவற்றினும் நமக்கு மிகுந்த கவலை தருவது டி.ஓ.எல். நிலத்து வீடு. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு, விலை மலிவு என்பதால் இதுவே முதலில் கண்ணில் படும். டி.ஓ.எல். என்பது அரசாங்க நிலத்தில் தற்காலிகமாக இருப்பதற்கான உரிமம். நிலத்தின் கிராண்ட் அன்று. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, எந்த மாதத்தில் எடுத்தாலும் அவ்வாண்டின் டிசம்பர் 31ஆம் நாளோடு அது முடிவடையும். அதனை இன்னொருவர் பெயருக்கு மாற்ற இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு அது சொத்தாகாது. அத்தகைய வீட்டை விற்பவர் உங்களிடம் தருவது பலகையும் தகரமுமே. கிராமத் தலைவர் முன்னிலையில் கையெழுத்திட்ட தாள் இருந்தாலும், அந்தத் தாளால் நிலம் உங்களுடையதாகிவிடாது. இருபது ஆண்டுச் சேமிப்பை அதில் போடுமுன், நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி, அந்நிலம் யார் பெயரில் உள்ளது, விவசாய நிலமா, கட்டட நிலமா என்று தேடிப் பாருங்கள்.

எல்லாம் பார்த்து, வீடும் பிடித்து, பின்புறச் சமையலறைக்கு மட்டும் அனுமதி இல்லையென்றால், அந்த வீட்டை விட்டுவிட வேண்டுமென்பதில்லை. விற்பவரே விண்ணப்பித்து அனுமதி பெற்றுத் தரவேண்டும், அல்லது இடிப்புச் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் செய்யலாம். அதனை எழுதுபவர் உங்கள் வழக்கறிஞராக இருக்கட்டும்; விற்பவருடைய வழக்கறிஞர் விற்பவருக்காகவே பேசுவார். முன்பணத்தைக் கொடுப்பதும் அந்த வாசகத்தைப் படித்துக் கேட்ட பிறகே.